கோம்பையா, சிப்பிப்பாறையா: மலையில் ஓடுகிறவனுக்கு எந்தக் குட்டி?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். பெங்களூரில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கொடைக்கானல் மலையில் இருக்கும் தாண்டிக்குடிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அத்தான் எப்போதோ வாங்கிப் போட்ட நாலு ஏக்கர் காபித் தோட்டம், அதற்குள் ஒரு ஓட்டு வீடு, அங்கேதான் இருக்கிறான். "மாமா, ரெண்டு குட்டி வந்திருக்கு. ஒண்ணு கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை, இன்னொண்ணு கோம்பை. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். எனக்குக் கூட ஓடுற நாயா இருந்தாப் போதும்."

கூட ஓடுவது என்றால் அவன் கணக்கு வேறு. காலை ஐந்தரைக்கு எழுந்து பண்ணைக்காடு ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் காபி குடிப்பான். ஞாயிறு என்றால் எஸ்டேட் ஜீப் பாதையில் இருபது. வேட்டை நாய் சளைக்காது, தானும் சளைப்பதில்லை, ஆகவே இரண்டுக்கும் பொருத்தம் என்பது அவன் வாதம். இரண்டில் எது அதிகம் ஓடும் என்று மட்டும் மாமா சொன்னால் போதும்.

நான் பண்ணைக்காட்டில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இரண்டு இனத்தையும் வளர்த்தவன். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இவனைப் போல் மலையில் ஒரு துண்டு நிலம் வாங்கி, நாட்டு நாய் மேல் ஆசை வைத்திருப்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். 2005ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம் ஒன்றுதான் இடம் பிடித்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். அதற்குப் பிறகு எனக்கு வரும் போன்களில் நாலில் ஒன்று நாயைப் பற்றித்தான்.

எது அதிகம் ஓடும் என்பதை அப்புறம் பார்க்கலாம். இந்த மலையில் முதலில் கேட்க வேண்டியது வேறு. ஒரு முயல் குறுக்கே போனால் இந்த நாய் என்ன செய்யும்? நீ கூப்பிட்டால் திரும்புமா?

சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய். மோப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் உடம்பு மொத்தமும் கண்ணுக்கு ஏவல் செய்யக் கட்டப்பட்டது போல இருக்கும். ஒடுங்கி நீண்ட தலை, ஆழமான நெஞ்சுக்கூடு, முதுகோடு ஒட்டிப்போன வயிறு, சாட்டை மாதிரி வால். அது உருவான கரிசல் காட்டை ஒரு தரம் சித்திரை மாதத்தில் போய்ப் பாருங்கள். சாத்தூர், கோவில்பட்டி பக்கம் பருத்தி எடுத்த பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் மறைப்பே இருக்காது. அங்கே முயல் எழும்பினால் மண்ணை மோந்துகொண்டு நிற்க நேரமில்லை. பார்த்த நொடியில் பாய்ந்தாக வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு எட்டுக்கு இரண்டு தரம் நாலு காலும் தரையை விட்டு எழும்பும். உடம்பைச் சுருட்டும்போது ஒரு தரம், நீட்டும்போது ஒரு தரம். குதிரை ஓட்டத்தில் அது ஒரு தரம்தான். பக்கத்தில் நின்று பார்த்தால் ஓடுகிற மாதிரியே தெரியாது, யாரோ எறிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கன்னியும் இதுவும் ஒன்றா வேறா என்று கேட்பார்கள். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு செம்பொட்டு, காலிலும் அதே செம்பழுப்பு என்றால் கன்னி. மயிலை (சாம்பல்), செவலை (செம்பழுப்பு) என்று ஒரே நிறமாக வந்தால் சிப்பிப்பாறை. நிறம்தான் வித்தியாசம், ரத்தம் ஒன்று என்பார்கள் சிலர். அதை இன்னொரு ஊர்க்காரர் முன்னால் சொன்னால் அடிக்க வருவார். மலையில் ஓடுகிறவனுக்கு அந்தச் சண்டை வேண்டாம். இங்கே சிப்பிப்பாறைக்குச் சொல்வதெல்லாம் கன்னிக்கும் பொருந்தும்.

என்னிடம் இருந்தது மயிலை நிறத்துப் பொட்டை. பெயரும் மயில்தான். வீட்டில் அது இருப்பதே தெரியாது. குரைப்பு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. எனக்கு மட்டும் அடங்கும், மற்றவர்களைக் கண்டுகொள்ளாது, வம்புக்கும் போகாது. காலையில் இரண்டு ஓட்டம் ஓடிவிட்டு மீதி நாள் முழுக்கச் சாக்கில் சுருண்டு கிடக்கும். வேட்டை நாய் வீட்டைத் துவம்சம் செய்துவிடும் என்று பயந்த என் மனைவிக்கே அது பிடித்துப்போனது.

ஒரு தை மாதத்துச் சாயங்காலம். களத்தில் காபிக் கொட்டையைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தேன். மயில் களத்து ஓரம் சாக்கில் படுத்திருந்தது. கீழ்க்காட்டில் ஏதோ அசைந்ததை நான் பார்க்கவில்லை. திரும்பினால் சாக்கு காலி. குரைப்பு இல்லை, முனகல் இல்லை. மூன்று கல்வரப்பை அது தாண்டியதை மட்டும் பார்த்தேன், நாலாவது வரப்புக்கு அப்பால் பக்கத்துத் தோட்டத்து முள்கம்பி. கம்பி அதிர்ந்த சத்தம் கிடார் தந்தியை இழுத்துவிட்ட மாதிரி களம் வரைக்கும் கேட்டது. "மயிலு, மயிலு" என்று நான் கத்திக்கொண்டே இறங்குவதற்குள் அதுவே நடந்து மேலே வந்தது. அழவில்லை. பக்கத்தில் வந்து நின்றது. தோளிலிருந்து விலா வரைக்கும் தோல், கிழிந்த சட்டைப் பை மாதிரி மடிந்து தொங்கியது.

ஜீப்பில் போட்டு அய்யம்பாளையம் இறங்கி, வத்தலக்குண்டு போய்ச் சேர இருட்டிவிட்டது. டாக்டர் தையல் போடுவதற்கு முன் மயக்க மருந்துக்கே ரொம்ப யோசித்தார். இந்த மாதிரி உடம்பில் கொழுப்பே இல்லாத நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் சீக்கிரம் தெளியாது. மற்ற நாய்க்கு மருந்தின் ஒரு பங்கு கொழுப்பில் போய் ஒதுங்கும். இதற்கு ஒதுங்க இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மலையில் சிப்பிப்பாறை வளர்க்கிறவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுவது நல்லது. தெரியாத டாக்டர் எடையை மட்டும் பார்த்து ஊசியைப் போட்டுவிடலாம். அன்றைக்கு இருபத்தேழு தையல். ஆறிவிட்டது.

அடுத்த வருடம் ஒரு கேளையாட்டைப் (சின்ன மான் வகை) பார்த்துப் போனது திரும்பவில்லை. நாலாம் நாள், சோலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கண்டுபிடித்தோம். அதை நான் விவரிக்கப் போவதில்லை.

இது மயிலின் தப்பா? கரிசல் காட்டில் அது செய்திருந்தால் கெட்டிக்கார நாய் என்று தலையில் தடவியிருப்பார்கள். பார்வை நாய்க்கு ஓட்டம் தொடங்கிய பிறகு காது வேலை செய்யாது என்பது பழைய அனுபவம். நல்ல பழக்கம் கொடுத்தால் பத்தில் எட்டுத் தரம் திரும்பும். அந்த மிச்ச இரண்டு தரம் கரிசல் காட்டில் அரை கிலோமீட்டர் ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், போய்ப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அரை கிலோமீட்டர் என்றால் ஒரு பள்ளம், ஒரு பாறைச் சரிவு, ஒரு சோலை. உண்ணிச்செடிப் புதர், முள்கம்பி, கண்ணி, பன்றிக்கு வைக்கிற நாட்டு வெடி என்று வழியில் எது வேண்டுமானாலும் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 2013ல் இந்த மலையில் அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. எத்தனையோ தோட்டங்களுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் காடுதான். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். நாய் தானாகத்தான் ஓடியது என்று வனத்துறை ஆட்களிடம் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலைமை வேண்டாம், மாப்ளே. அதைவிட, சினையாக இருக்கும் கேளையாட்டை நாய் துரத்தினால், பிடிபடாவிட்டாலும் அதற்குச் சேதம்தான்.

சரி, கோம்பைக்கு வருவோம்.

கோம்பை ஊர் உத்தமபாளையம் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. முன்னால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல், பின்னால் காடு. மாட்டுப் பட்டியைக் காவல் காப்பதும், காட்டுப் பன்றியை மறித்து நிறுத்துவதும் அந்த நாய்க்கு வாய்த்த வேலை. வெட்டவெளியில் விரட்டுகிற வேலை அதற்குக் கிடையாது. அதனால் உடம்பும் வேறு. சிப்பிப்பாறையை விடக் குட்டை, அகன்ற நெஞ்சு, கெட்டியான தாடை, செவலை நிறம், மூஞ்சி மட்டும் கருப்பு. சிலதுக்கு முதுகெலும்பு மேல் ஒரு கோடாக ரோமம் எதிர்த்திசையில் நிற்கும். நான் இப்போது வைத்திருக்கும் பொட்டைக்கு மூஞ்சியைப் பார்த்துத்தான் மசி என்று பெயர் வைத்தோம். மைப்புட்டியில் வாயை விட்ட மாதிரி இருக்கும்.

முயல் குறுக்கே போனால் மசியும் பாயும். ஆனால் முப்பது, நாற்பது அடி போனதும் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கும். அது ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் நாய். தனியாக ஓடிப்போய்ச் சாதித்துவிட்டு வரும் யோசனை அதற்கு அவ்வளவாக இல்லை. குரைப்பதால் எங்கே இருக்கிறது என்று தெரியும். மலையில் இது பெரிய விஷயம். பனி இறங்கி பத்தடிக்கு மேல் கண் தெரியாத காலையில் சத்தம் போடும் நாயைத் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் கோம்பைதானே, முடிந்ததா என்று கேட்பான். இல்லை. அதற்கு வேறொரு கெட்ட குணம். அது ஓடாது, எதிர்த்து நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, மிளகுக் கொடி பார்க்கப் போயிருந்தேன். சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் ஒரு காட்டுமாடு. ஒற்றைக் கடா. இங்கே அது புதிதில்லை. நாமும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் மசி நடுவில் போய் நின்றுவிட்டது. நாலு காலும் கட்டை மாதிரி விறைப்பு, முதுகு ரோமம் எழும்பி, குரைப்பு நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. கடா ஒரு தரம் மூச்சு விட்டது, புஸ் என்று, பிரேக் பிடிக்கும் லாரி மாதிரி. அப்புறம் தலையைத் தாழ்த்தியது. மசிக்கு அப்போதுதான் எதிரே நிற்பதன் அளவு தெரிந்திருக்க வேண்டும். திரும்பி ஓடி வந்தது. எங்கே? என்னிடம். அதன் பின்னாலேயே முக்கால் டன் காட்டுமாடு. நான் கல்வரப்புக்குக் கீழே குதித்தேன். கணுக்கால் சுளுக்கியதோடு தப்பித்தேன். கடா வரப்பு ஓரம் வரை வந்து நின்று, பார்த்துவிட்டுப் போனது.

சிப்பிப்பாறை உன்னிடமிருந்து ஓடிப் போகும். கோம்பை ஆபத்தை உன்னிடம் கூட்டிக்கொண்டு வரும். இரண்டில் எதை உன்னால் சமாளிக்க முடியும் என்று பார்.

என் வரைக்கும் இரண்டாவதைச் சமாளிக்கலாம். மசிக்கு அப்போது மூன்று வயது. அதற்குப் பிறகு எட்டு மாதம், காட்டுமாட்டுச் சாணி கண்டாலே உட்கார வைத்து, கோழி ஈரல் துண்டு கொடுத்து, 'விடு' என்றால் காலடிக்கு வர வேண்டும் என்று பழக்கினேன். இப்போது வருகிறது. கோம்பைக்குப் பிடிவாதம் உண்டு, ஆனால் வேலை ஒன்று இருக்கிறது என்று புரிந்தால் கற்றுக்கொள்ளும். அடித்துப் பழக்கலாம் என்று நினைத்தால் நீயே கடி வாங்குவாய். மயிலுக்கு எத்தனை துண்டு ஈரலைக் காட்டினாலும், கண்ணில் முயல் விழுந்த பிறகு ஈரல் என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது.

இப்போது அவன் கேட்ட ஓட்டத்துக்கு வரலாம்.

சிப்பிப்பாறை குறுந்தூரக்காரன். சில நூறு மீட்டர் மின்னல் ஓட்டம், பிறகு ஓய்வு. பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட அது பிறக்கவில்லை. பழக்கினால் ஓடும், நன்றாகவே ஓடும், ஆனால் அதன் ஆனந்தம் அதில் இல்லை. கோம்பை குறுந்தூரத்தில் அதனிடம் தோற்றுப் போகும். ஆனால் நாயோட்டமாக மணிக்கணக்கில் கூடவே வரும். ஜீப் பாதையின் சரளைக் கல்லில் பாதம் தேயாமல் வருவதும் கோம்பைதான், என் அனுபவத்தில். கயிற்றில் கட்டி ஓட வேண்டும் என்றால் சிப்பிப்பாறை இழுக்காமல் ஒத்துப் போகும். கோம்பைக்குக் கயிறு பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கும். சிப்பிப்பாறைக்குச் சாதாரணப் பட்டை வேண்டாம். கழுத்து தலையை விடப் பெருத்தது போல இருப்பதால் பின்னுக்கு இழுத்தால் கழன்றுவிடும். அகலப் பட்டை, அல்லது நெஞ்சோடு கட்டும் வார்தான் சரி.

எதை வாங்கினாலும் ஒரு வயது, ஒன்றேகால் வயது வரை நீண்ட ஓட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. எலும்பின் நுனியில் வளரும் பகுதி மூடாத வயதில் தார் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் இழுத்தால், மூன்று வயதில் நொண்டும். குட்டி தானாகத் தோட்டத்தில் ஓடட்டும், அது அளவு தெரிந்து நிற்கும். ஆக அவன் கனவு காணும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

குளிர். தாண்டிக்குடியில் பரவாயில்லை. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மார்கழி தையில் புல் மேல் உறைபனி விழும். அங்கே சிப்பிப்பாறை வளர்ப்பதென்றால் ராத்திரி வீட்டுக்குள்தான் படுக்கை. உடம்பில் கொழுப்பும் இல்லை, ரோமமும் இல்லை. மயிலுக்குப் பழைய காபிச் சாக்கில் உள்ளே கம்பளித் துண்டு வைத்து வத்தலக்குண்டுத் தையல்காரர் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். "நாய்க்கா சார்?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் அளவு எடுத்தார். கோம்பைக்கும் குட்டை ரோமம்தான், ஆனாலும் தாங்கிக்கொள்கிறது. சாப்பாடு இரண்டுக்கும் பெரிய செலவில்லை. கம்பு, கேழ்வரகுக் கூழில் மோர், அதோடு முட்டையோ எலும்புச் சாறோ. மலைக் குளிரில் சிப்பிப்பாறைக்கு மட்டும் கொழுப்பைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். விலா எலும்பு மூன்று தெரிவது அதற்கு ஆரோக்கியம்தான், யாராவது பட்டினி போடுகிறாய் என்று திட்டினால் கேட்டுக்கொள். அட்டை, உண்ணி இரண்டுக்கும் இரண்டு நாயும் சமம். ஐப்பசி கார்த்திகை மழையில் தினமும் விரல் இடுக்கைப் பார்க்க வேண்டும்.

ஆட்கள் விஷயத்தில்தான் முடிவு மாறலாம். கார்த்திகையிலிருந்து தை வரை காபிப் பழம் எடுக்க ஜீப்பில் ஆட்கள் வருவார்கள். தினமும் புது முகம். மசி முதல் வருடம் இரண்டு பேரைத் துரத்தியது, ஒருவரின் சேலை முந்தி கிழிந்தது. அதிலிருந்து பழம் எடுக்கும் மூன்று மாதமும் பகலில் கூண்டு, ராத்திரி அவிழ்ப்பு. கோம்பைக்கு அறிமுகமானவர், அறிமுகமாகாதவர் என்று இரண்டே சாதி. நடுவில் ஒன்றும் கிடையாது. மயில் இருந்த காலத்தில் அந்தத் தொந்தரவே இல்லை. ஆட்கள் வந்தால் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இவனோ ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ரூம் கட்டி, வார இறுதியில் விருந்தாளிகளுக்கு விடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். சென்னையிலிருந்து வரும் ஒரு குடும்பம், கையில் ஒரு நாலு வயசுக் குழந்தை, ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை நினைத்துப் பார்க்கிறேன். அந்த வீட்டில் கோம்பை கூடாது. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

சிறுத்தை இரண்டுக்கும் எமன். ராத்திரி வெளியே கட்டிப் போட்ட நாய் அதற்கு வைத்த சாப்பாடு. கோம்பை புலியையே எதிர்க்கும் என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். இரும்புக் கம்பி போட்ட கூண்டு, மேலேயும் மூடியது, இல்லாவிட்டால் வீட்டுக்குள். தடுப்பூசியையும் விட்டுவிடக் கூடாது, நாய்க்காக மட்டும் சொல்லவில்லை. 2018ல் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அதில் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது தெரியவந்தது. நாய்களிடம் சகஜமாக இருக்கிற கிருமி அது. நம் பக்கம் செந்நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது. காட்டோரம் நாய் வளர்க்கிறவன் ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ மூன்றையும் தேதி தவறாமல் போட வேண்டும்.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. இரண்டுமே அரிய இனம் என்று பேர் வாங்கியதால், பேரை ஒட்டிச் சரக்கு நிறைய வருகிறது. செவலை நிறமும் கருப்பு மூஞ்சியும் இருந்தால் கோம்பை என்று விற்கிறார்கள். தெருநாய்க் குட்டியிலும் அந்த நிறம் விழும். சிப்பிப்பாறையில் பந்தயத்துக்காகக் கிரேஹவுண்டு ரத்தம் கலந்த குட்டிகள் உண்டு. அதற்கு வேகம் கூடும், நம் மண்ணைத் தாங்கும் குணம் குறையும். சிப்பிப்பாறைக்கு தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் இனப் பதிவு இருக்கிறது என்று விற்கிறவர் சொல்வார். உண்மைதான். ஆனால் பதிவு இனத்துக்கு, அவர் கையில் இருக்கும் குட்டிக்கு இல்லை. நல்ல லைன் என்று சொன்னால் தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்ல வேண்டும். நிறத்தைப் பார்க்கப் போக வேண்டாம், குணத்தைப் பார்க்கப் போக வேண்டும். தகப்பன் நாய் எஜமானோடு ஆட்டு மந்தையைக் கடந்து எப்படி நடக்கிறது, கூப்பிட்டால் எத்தனாவது குரலுக்குத் திரும்புகிறது. போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவனிடம் என் தீர்ப்பையும் சொன்னேன். ரூம் கட்டவில்லை என்றால் கோம்பை, அதிலும் பொட்டைக் குட்டி. கடுவனை விடச் சொல்பேச்சுக் கேட்கும். ரூம் கட்டுகிறாய் என்றால் சிப்பிப்பாறை. ஆனால் அரை ஏக்கருக்காவது ஆறடி உயரச் சங்கிலி வலை வேலி, முள்கம்பி ஒரு இழை கூட இல்லாமல். வேலிக்கு வெளியே ஒரு நாள் ஒரு நிமிஷம் கூடக் கயிறு இல்லாமல் கிடையாது. ஓடும்போதும் இடுப்பில் கட்டிய கயிறுதான். மூன்றாவதாக ஒரு வழியும் சொன்னேன். பண்ணைக்காடு பஸ் ஸ்டாண்டில் நாலு குட்டிகள் சும்மா திரிகின்றன, அதில் ஒன்று எல்லாவற்றுக்கும் ஒத்துப் போகும். அதை அவன் காதில் வாங்கவில்லை. வயசு அப்படி.

நேற்று ராத்திரி திரும்பக் கூப்பிட்டான். வேலிக்கு விலை கேட்டானாம். அரை ஏக்கருக்கு ஆன கணக்கைச் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. "அந்தக் காசுல ஒரு ரூமே கட்டிரலாம் மாமா."

"அப்ப ரூமையே விட்டுரு. காபியப் பாரு, போதும்."

"அம்மாவும் அதத்தான் சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "கோம்பைக் குட்டிக்கு முப்பத்தஞ்சு நாள்தான் ஆகுதாம். அதுக்குள்ள எடுத்துக்கங்கன்னு அவசரப்படுத்துறாரு."

எட்டு வாரம் தாயிடமும் கூடப் பிறந்ததுகளோடும் இருந்தால்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று படிக்கும். கோம்பை அந்தப் பாடத்தைத் தவறவிட்டால் வாங்கியவன் கைதான் பாடப்புத்தகம். இருபத்தொரு நாள் தவணை கேள், முன்பணம் வேண்டுமானால் கொடு, நேரில் பார்க்காமல் மீதியைக் கொடுக்காதே என்றேன். ஒத்துக்கொண்டார்களாம்.

சனிக்கிழமை இரண்டு பேரும் கோம்பைக்குப் போகிறோம். தாய் நாயைக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன், குட்டி போட்டதை நம்ப முடியாது. தகப்பனை அவிழ்த்து விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.